வெள்ளையாக்க வேண்டாம்: ஒரு கல்லறைக் கல்லைச் சீர்செய்த பதிவு

பளிங்குக் கல்லறைக் கற்களைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்த இடம் பாசமுள்ள உறவினர்களுக்குத்தான். மழை நூறு ஆண்டில் செய்வதை ஒரு புட்டி ஆசிட்டும் ஒரு கம்பி பிரஷும் அரை மணி நேரத்தில் செய்துவிடும். செய்தவர்களுக்கும் மனம் நிறைந்திருக்கும், கல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டதே! எழுத்து கொஞ்சம் போனது அப்போது கண்ணில் படாது.

என் தாத்தாவின் தங்கைக்கு வைத்த கல்லைச் சீர்செய்வது என்று குடும்பத்தில் முடிவானதும், முதல் வேலையாகச் சித்தப்பாவின் கையிலிருந்த ஆசிட் புட்டியை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. "பளிச்சென்று இருந்தால்தானே மரியாதை?" என்றார். "பெயர் தெரிந்தால்தான் மரியாதை, சித்தப்பா" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் புட்டியைக் கொடுத்துவிட்டார்.

கல்லின் நிலை இதுதான். வெள்ளைப் பளிங்குப் பலகை. உயரம் 90 செ.மீ., அகலம் 50 செ.மீ., தடிமன் ஏழரை செ.மீ. அடியில் ஒரு பீடக்கல். பலகை முன்பக்கமாக, கல்லறைக் குழியின் பக்கம் சாய்ந்திருந்தது. முகம் முழுக்கக் கரும்பச்சைப் பாசி, ஓரங்களில் சாம்பலும் ஆரஞ்சுமாகக் கற்பாசி (லைக்கன்) திட்டுகள். பலகையும் பீடமும் சேரும் இடத்தில் செம்பழுப்புக் கறை ஒன்று வடிந்திருந்தது. எழுத்து வெட்டி விட்டது மட்டுமல்ல, வெட்டிய பள்ளத்தில் ஈயம் அடித்தது. ஈயம் சில இடங்களில் உதிர்ந்திருந்தது.

வேலையில் இறங்கும் முன் இரண்டு சம்மதம் வேண்டும்: கல்லறைத் தோட்டத்தை நிர்வகிப்பவர்களின் எழுத்து அனுமதி, குடும்பத்தின் மற்றக் கிளைகளின் ஒப்புதல். இரண்டாவதுதான் கடினம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

முதலில் தொட்டும் தட்டியும் பார்த்தேன். விரல் முட்டியால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டினால் உறுதியான கல் கணீரென்று சொல்லும். உள்ளே பிளவு இருந்தால் பொத்தென்று ஓசை வரும். இங்கே கீழ் வலது மூலையைத் தவிர எல்லாம் கணீர். பிறகு ஈரமில்லாத இடத்தில் விரல் நுனியால் தடவினேன். பளிங்கு தேய்ந்தால் அதன் மணிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்து, சர்க்கரை போல விரலில் உதிரும். அப்படி உதிரும் கல்லை நீர் விட்டுத் தேய்ப்பதுகூடத் தப்பு. அதை அப்படியே விட்டுவிட்டு, கல்லைப் பாதுகாக்கும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கல்லின் மேல் விளிம்பில் மட்டும் லேசாக மணி ஒட்டியது. அந்த விளிம்பை யாரும் தொடக்கூடாது என்று பென்சிலால் காகிதத்தில் ஒரு வரைபடம் போட்டுக் குறித்துக்கொண்டேன். கல்லில் எதையும் குறிக்கவில்லை, சாக்பீஸ் கூடாது.

ஆசிட் ஏன் கூடாது என்பதைச் சித்தப்பாவுக்குச் சொன்னபடியே சொல்கிறேன். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் அழுக்கு போவதில்லை, அழுக்கு ஒட்டியிருந்த கல்லே நுரைத்துப் போகிறது. அழுக்கும் கூடவே போவதால் சுத்தமானது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடுவதால் அடுத்த மழைக்காலத்தில் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவமும் அப்படித்தான். அது விட்டுச் செல்லும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் போய், காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே கல்லைத் தள்ளி உடைக்கும். கம்பி பிரஷ் கீறுவதோடு நிற்காது; அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு துருப்பிடித்துக் கறையாகும். அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் இயந்திரம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மழைக்குத் தனி ஆசிட் தேவையில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து மழைநீரே மென்மையான அமிலமாகிவிடுகிறது. 1880-இல் ஆர்ச்சிபால்ட் கெய்க்கி என்ற ஸ்காட்லாந்துப் புவியியலாளர் எடின்பரோ நகரின் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றிவந்து, எந்தக் கல் எப்படித் தேய்கிறது என்று பார்த்து எழுதினார். வேதியியலாளர் ஜோசப் பிளாக்கின் கல்லறையும் அவர் கண்ணில் பட்டது. பிளாக் மறைந்தது 1799-இல். நூறு ஆண்டுகூட ஆகாத அந்தப் பளிங்குப் பலகை அதற்குள் அரித்துப் போயிருந்தது. கார்பன் டை ஆக்சைடைத் தனி வாயுவாக இனங்கண்டவர் அதே பிளாக்தான். தான் கண்டறிந்த வாயுவே தன் பெயரைத் தின்னும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நம் கல்லில் இந்தத் தேய்மானத்தை விரலாலேயே உணர முடிந்தது. ஈய எழுத்து வைக்கும்போது கல்லின் முகத்தோடு சமமாகத்தான் தேய்த்து முடிப்பார்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒவ்வொரு எழுத்தும் மேடாக விரலில் தட்டுப்பட்டது. ஈயம் வளரவில்லை, சுற்றியிருந்த கல் இறங்கியிருக்கிறது. மேட்டின் உயரம் அரை மில்லிமீட்டர் இருக்கும். மழையும் காற்றும் பளிங்கை எவ்வளவு வேகத்தில் தின்கின்றன என்று அளப்பதற்கு ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்துவது இந்த ஈய எழுத்து மேட்டைத்தான். கல்லிலேயே தேதி இருக்கிறது, தொடங்கிய மட்டம் ஈயத்தில் இருக்கிறது. இதைவிட வசதியான அளவுகோல் எங்கே கிடைக்கும்?

சுத்தம் செய்யத் தேவையான பொருட்கள் கொஞ்சம்தான்: நிறைய நல்ல நீர், மென்மையான நைலான் பிரஷ்கள், மூங்கில் குச்சிகள், பிளாஸ்டிக் சுரண்டி, ஒரு கைத்தெளிப்பான். முதலில் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த கல்லில் அழுக்குநீர் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே நீர் குடித்த கல் இழுக்காது. கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும் என்பது பலருக்கு விசித்திரமாகப் படும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு வடிந்து, கீழே இன்னும் தேய்க்காத பகுதியில் கோடுகோடாகப் படிந்து கறையாகிவிடும். ஒரு சாண் தேய்ப்பது, கழுவுவது, மேலே நகர்வது. கல்லை வேலை முடியும்வரை காயவிடக் கூடாது.

எழுத்துப் பள்ளங்களுக்கு மூங்கில் குச்சிதான். நுனியை நீரில் ஊறவைத்து, கடித்துப் பிசிறாக்கி, 'ழ'வின் வளைவுக்குள்ளும் 'ண'வின் சுழிகளுக்குள்ளும் விட்டு எடுத்தால் பாசி நூலாக வரும். ஈயத்தின் விளிம்பில் நெம்பக்கூடாது. தளர்ந்த துண்டு அப்படியே கையோடு வந்துவிடும். இந்த வேலையை அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பொறுமைக்குப் பெயர்போன அத்தையிடம் கொடுத்தோம். அவர் தலையை நிமிர்த்தாமல் ஒரே வரியில் உட்கார்ந்திருந்தார்.

கற்பாசி வேறு கதை. அது கல்லோடு வேர் போன்ற இழைகளால் பிணைந்திருக்கும். உயிரோடு பிய்த்தால் கல்லின் தோலும் வரும். அதற்குக் குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினி இருக்கிறது. கல்லுக்கென்றே தயாராவது, உப்பு விடாதது. தெளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். முதலில் திட்டு நிறம் மாறும், வாரங்கள் போனபின் காய்ந்து சுருளும், அதன்பின் மழையே கழுவிக்கொண்டு போகும். தெளித்த மறுநாளே வந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் ஆகவில்லையே, நான்தான் சொன்னேனே" என்றார் சித்தப்பா.

பின்பக்கத்துக் கற்பாசியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அங்கே எழுத்து இல்லை, கல்லும் உறுதியாக இருக்கிறது. தவிர, கற்பாசிக்கும் ஒரு கணக்கு உண்டு. மிக மெதுவாக, ஏறத்தாழ ஒரே சீராக வளர்வதால், அதன் விட்டத்தைக் கொண்டு பாறைகள் எப்போது வெளிப்பட்டன என்று காலம் கணிக்கலாம் என்பதை 1950-களில் ரோலண்ட் பெஷெல் என்ற ஆஸ்திரிய அறிவியலாளர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எந்த வகை எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று சரிபார்க்க உதவுபவற்றில் தேதி வெட்டிய கல்லறைக் கற்களும் உண்டு. யாரோ ஒருவரின் இறந்த நாளை வைத்துப் பனிப்பாறை பின்வாங்கிய காலத்தைச் சொல்கிறார்கள்!

கல் சுத்தமானதும் வாசிப்பு. நேர் வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியாது. ஒளி பக்கவாட்டிலிருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைத் திருப்பி விட்டோம். பள்ளங்களில் நிழல் விழுந்தவுடன், வெறும் கல் என்று நினைத்த இடத்தில் இன்னும் ஒரு வரி எழுந்து வந்தது. கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு ஒளியின் திசையை மட்டும் மாற்றி மாற்றிப் படமெடுத்தோம். இப்படி எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்து, ஒளியை விரும்பிய பக்கம் நகர்த்திப் பார்க்கும் முறையை 2001-இல் டாம் மால்ஸ்பெண்டர் என்ற கணினி ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, படங்களை அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்ததே போதுமாக இருந்தது. மாவு தூவுவது, சவர நுரை பூசுவது போன்ற குறுக்கு வழிகளைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மாவு பூஞ்சைக்கு உணவு. சவர நுரையில் கொழுப்பு அமிலம் இருக்கிறது, அது துளைகளில் தங்கிவிடும். கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தட்டி எடுக்கும் மைப்படியும் உறுதியான கருங்கல்லுக்குத்தான் ஏற்றது, தளர்ந்த பளிங்குக்கு இல்லை.

இங்கேதான் வேலையின் சுவையான பகுதி வந்தது. இறந்த ஆண்டில் கடைசி இலக்கத்தின் ஈயம் முழுதும் போயிருந்தது, பள்ளமும் மழுங்கியிருந்தது. 194 வரை தெளிவு. குடும்பத்தில் எல்லோரும் 1949 என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆனால் ஈய எழுத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. பள்ளத்தில் அடித்த ஈயம் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள, பள்ளத்தின் தரையில் சாய்வாகச் சிறு துளைகள் போட்டிருப்பார்கள். ஈயமும் பள்ளமும் போனாலும் துளைகள் மிஞ்சும். மூங்கில் குச்சியால் தூசியை எடுத்தபோது மூன்று துளைகள் தெரிந்தன: மேலே ஒன்று, கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அதே ஆண்டின் இரண்டாவது இலக்கமான 9 முழுசாக இருந்தது. அதன் படத்தைப் பெரிதாக்கி ஒளிபுகும் தாளில் வரைந்து, காலியான இடத்தின் மேல் நேராக வைத்தேன். துளைகள் ஒன்றும் கோட்டுக்குள் விழவில்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். மூன்றும் கோட்டுக்குள் உட்கார்ந்தன. ஆண்டு 1946.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் உன் அப்பா பிறந்தபோது அவர் உயிரோடு இல்லையே" என்றார். தாத்தாவின் தங்கை என் அப்பாவைத் தூக்கிக் கொஞ்சியதாக ஒரு கதை எங்கள் வீட்டில் உண்டு. அப்பா பிறந்தது 1947-இல். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக் கதைகள் அன்பு இருக்கும் பக்கம் சாயும். கல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஆசிட் புட்டி அந்தத் துளைகளை அகலமாக்கியிருந்தால் கதையே நிலைத்திருக்கும்.

இனி நிமிர்த்துவது. பளிங்கு ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. இந்த அளவுப் பலகை 90 கிலோவுக்கு மேல் வரும். சாய்ந்த கல்லறைக் கல் விழுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஆகவே முன்பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்பது முதல் விதி. முக்காலி நிறுத்தி, செயின் பிளாக் மாட்டி, அகலமான நைலான் பட்டையால் தூக்கினோம். சங்கிலி கல்லைத் தொடவே கூடாது. கல்தச்சர் ஒருவரும் உதவியாள் ஒருவரும் செய்த வேலை இது. நான் பட்டைக்கு அடியில் கோணி மடித்து வைத்ததோடு சரி.

கல் ஏன் சாய்ந்தது என்பது பீடத்தைத் தூக்கியதும் தெரிந்தது. பீடத்தின் பின்பாதி தோண்டப்படாத கெட்டி மண்ணில் இருந்தது. முன்பாதி குழியை மூடிய மண்ணின் மேல். மூடிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும். தலைமாட்டுக் கற்கள் பெரும்பாலும் கல்லறையின் பக்கமே சாய்வதற்கு இதுதான் காரணம். தளர்ந்த மண்ணை அகற்றி, உடைத்த ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். கான்கிரீட் போடவில்லை. ஜல்லியில் நீர் இறங்கிப் போகும். நாளை மண் இன்னும் அமுங்கினால் மறுபடி மட்டம் பிடிக்கலாம். கான்கிரீட்டில் புதைத்த பலகை, தரைமட்டத்தில் நீரும் உப்பும் ஏறி அங்கேயே முறியும்.

செம்பழுப்புக் கறையின் மூலமும் கிடைத்தது: பலகையையும் பீடத்தையும் இணைத்த இரும்பு முளை. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். கீழ் மூலையில் பொத்தென்று கேட்ட பிளவு அதன் வேலை. தச்சர் முளையைச் சுற்றித் துளையிட்டு மெதுவாக எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் மெல்லிய முளை வைத்தார். இணைப்புக்குச் சிமெண்ட் கேட்டவரைச் சுண்ணாம்புக் காரைக்குச் சம்மதிக்க வைக்க நேரம் பிடித்தது. நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரைப் பங்கு. சிமெண்ட் பளிங்கைவிடக் கெட்டி. அசைவு வந்தால் காரை உடையாமல் கல் உடையும். உடைய வேண்டியது எப்போதும் மாற்றக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் சிறு ஈயத் தகடு வைத்து, அதன்மேல் பலகையை இறக்கி, காரை காய்ந்து வெடிக்காமல் ஈரச் சாக்குப் போட்டு மூடினோம்.

உதிர்ந்த ஈயத்தைத் திரும்ப வைப்பதா என்று மறுபடி வாதம். புள்ளிகளில் பாதி போயிருந்தன. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், பெயரே வேறாக ஒலிக்கும். ஆகவே புள்ளிகளும் அந்த 6-உம் மட்டும். தச்சர் ஈயத் தகட்டைப் பள்ளத்தின் மேல் வைத்து மரக்கொட்டாப்புளியால் அடித்தார். மெத்தென்ற ஈயம் பள்ளத்துக்குள் இறங்கி, துளைகளுக்குள் வழிந்து பிடித்துக்கொண்டது. மிச்சத்தை உளியால் சீவினார். வழக்கமாக அதன்பின் கல்லோடு சேர்த்துத் தேய்த்துச் சமமாக்குவார்கள்; அவர் தேய்க்காமல், பழைய எழுத்து நிற்கும் உயரத்துக்கே கத்தியால் நறுக்கி விட்டார். நான் சொல்லாமலே செய்தார். ஈயத்தூள் உடம்புக்கு ஆகாது. கையுறை அவசியம், சீவலைப் பொறுக்கி அகற்ற வேண்டும்.

"நினைவாக" என்ற சொல்லில் 'னை' பழைய வடிவத்தில், யானைத் தும்பிக்கை போன்ற சுழியோடு இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அச்சிலிருந்து மறைந்துபோன வடிவம். "பிள்ளைகளுக்குப் புரியாதே, மாற்றிவிடலாமா?" என்று ஒரு யோசனை வந்தது. புரியாவிட்டால் கேட்கட்டும்.

கல்லில் இருப்பது மொத்தம் ஐந்து வரி. ஊர், உறவு, பெயர், இரண்டு தேதி. குறைவு என்று தோன்றவில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய நடுகல்லில் இருப்பது ஊர், ஆநிரைப் பூசல் (மாடு கவரும் சண்டை), மாண்டவன் பெயர். இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் அது போதுமானதாக இருக்கிறது. 1917-இல் தொடங்கிய பிரிட்டிஷ் போர்க் கல்லறை ஆணையம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் வைத்தது. குடும்பம் தன் சார்பில் சேர்க்கும் வாசகத்துக்கு இடைவெளி உட்பட 66 எழுத்தே இடம் என்றது. எங்கள் குடும்பத்திலோ புதிதாக ஒரு கருங்கல் பலகையில் கவிதையும் வண்ணப்படமும் பதித்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று ஒருவர் கிளம்பினார். அந்தச் செலவில் இன்னும் இரண்டு பழைய கற்களை நிமிர்த்தலாம் என்றதும் பேச்சு நின்றது.

கடைசி வேலை படியெடுப்பது. கல்லில் உள்ளபடியே, வரிக்கு வரி, பழைய எழுத்து வடிவங்களைக் கையால் வரைந்து எழுதினேன். ஊகித்துப் படித்த எழுத்துகள் பகர அடைப்புக்குள். படிக்கவே முடியாதவை புள்ளிகளாக. 6-ஐ அடைப்புக்குள் போட்டு, துளைகளின் படத்தையும் திருப்பி வைத்த தாளையும் உடன் சேர்த்தேன். என் வாசிப்பை யாராவது மறுக்க விரும்பினால் ஆதாரம் கையில் இருக்கட்டும். எந்த மருந்து, எப்போது தெளித்தது, எந்த ஈயம் புதியது என்பதும் அதில் உண்டு. ஒரு பிரதி கல்லறைத் தோட்ட அலுவலகத்தில், ஒன்று அத்தையிடம், ஒன்று சித்தப்பாவிடம். அவரிடம் கொடுத்ததில் முதல் வரியாக, ஆசிட் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.